ஆறு மணியில் ஐந்தடி

பந்து கும்பத்தில் முட்டிய சத்தம் பெரிதாக இல்லை. கும்பம் சரிந்த சத்தம்தான் பின்வரிசை வரைக்கும் கேட்டது.

யோகராஜா கையில் கிழிந்த பையோடு நின்றார். பை கிழிந்தது அவருடைய குற்றமில்லை, மலிவுப் பை. ஆனால் ஒன்றரைக் கிலோப் பந்து ஒன்றை அதற்குள் போட்டு, மேலே மல்லிகைச் சரத்தால் மூடி, பெண்சாதியின் சவப்பெட்டிக்குள் யாருக்கும் தெரியாமல் வைத்துவிடலாம் என்று பியூனரல் பார்லருக்குக் கொண்டுவந்தது முழுக்க அவருடைய மூளை. எழுபத்திரண்டு வயது மூளை.

பந்து நேராகத்தான் போனது. பெட்டி இருந்த மேசையின் காலடியில் நின்றுவிடும் என்று அவர் ஒரு கணம் நம்பவும் செய்தார். லான் போல்ஸ் பந்து அப்படிப்பட்டதல்ல. அதை ஒரு பக்கம் சற்றுச் சாய்வாகவே செய்கிறார்கள். வேகம் குறையக் குறைய வளையும். பளபளத்த தரையில் அழகாக வளைந்து, குருக்கள் நெல் பரப்பி வைத்திருந்த கும்பத்தைத் தேடிப்போய் முட்டியது. தண்ணீர், மாவிலை, தேங்காய் எல்லாம் தரையில்.

வந்திருந்த அறுபது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பெட்டிக்குள் கூறைச் சேலையும் பெரிய குங்குமப் பொட்டுமாகக் கிடந்த பாலாம்பிகை மட்டுந்தான் பொருட்படுத்தவில்லை. நாற்பத்தொரு வருஷப் பழக்கம்.

“அப்பா!” மகள் தக்ஷிகா பல்லைக் கடித்தபடி வந்தாள். “இது அம்மான்ர போல்ஸ் எல்லோ?”

“ஓம் பிள்ளை. தனியப் போறா. பொழுதுபோக்குக்கு ஒண்டாவது வேண்டாமோ?”

“டாட், ப்ளீஸ்,” என்றான் மகன் சஞ்சயன். கொள்ளி வைக்க வேண்டியவன். இடுப்பு வேட்டி கழன்றுவிடாமல் இருக்க மேலே ஒரு தோல் பெல்ட் கட்டியிருந்தான்.

பார்லரின் பொறுப்பாளர், கறுப்புக் கோட்டு அணிந்த வெள்ளைக்காரப் பெண்மணி, பந்தை இரண்டு கையாலும் குழந்தையைப்போலத் தூக்கிக்கொண்டு வந்தார். தகனப் பெட்டிக்குள் பந்து வைக்க விடமாட்டார்கள், சூட்டுக்கு வெடிக்கும் என்று மெல்லிய குரலில் விளக்கினார். தேங்காயும் அப்படித்தான். தமிழ்க் குடும்பங்கள் காலடியில் தேங்காய் ஒளித்து வைப்பது தனக்குத் தெரியும் என்றும் சேர்த்துச் சொன்னார்.

“அப்ப என்னை வைக்கலாமோ?” என்றார் யோகராஜா ஆங்கிலத்தில். “நான் வெடிக்க மாட்டன்.”

அந்த அம்மாள் சிரிக்கலாமா என்று தக்ஷிகாவைப் பார்த்தார். சிரிக்கக்கூடாது என்று தெரிந்துகொண்டார்.

“கெதியா இன்னொரு கும்பம் வைப்பம்,” என்றார் குருக்கள், கை நெல்லைத் தட்டியபடி. “கிறிமற்றோரியத்தில பன்னிரண்டே காலுக்குத்தான் ஸ்லொட். பிந்தினால் அடுத்த ஆளுக்குப் பின்னால நிக்க வேண்டி வரும்.”

டிஷ்யூச் சுருளோடு வந்து தரையில் குந்தித் துடைக்கத் தொடங்கியவர் பெர்னடெற். குருநகர்க்காரி, முப்பது வருஷம் நேர்ஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஹவுன்ஸ்லோவில் அவர்களுக்கு மூன்று வீடு தள்ளி இருக்கிறார். பாலாம்பிகையை போல்ஸ் கழகத்துக்குக் கூட்டிப்போனவர் அவர்தான். இந்த செப்டம்பரில் சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டத்தில் அவளிடம் தோற்றதும் அவர்தான்.

யோகராஜாவும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் குந்தினார்.

“பெர்னடெற், ஒண்டு கேக்க வேணும்.”

“இப்பவோ அண்ணை?”

“இப்ப எண்டால் நீர் ஓடமாட்டீர்.”

“பிரேதத்துக்குப் பக்கத்தில வச்சு போல்ஸ் கதை கதைக்கேலாது. போய்க் கதிரையில இருங்கோ. கையையும் காலையும் சும்மா வச்சிருங்கோ.” நனைந்த டிஷ்யூவைப் பொத்திக்கொண்டு பெர்னடெற் எழுந்து போய்விட்டார்.

கேட்க வேண்டியது ஒரேயொரு கேள்விதான். செப்டம்பரில் இருந்து அது யோகராஜாவின் தொண்டையில் நிற்கிறது. அதற்குப் பதில் சொல்லியிருக்க வேண்டிய ஆள் முந்தின வாரம் செவ்வாய்க்கிழமை காலை தேத்தண்ணிக்கு கேத்திலைப் போட்டாள். தண்ணீர் கொதிக்கு முன்பே இதயம் நின்று விழுந்துவிட்டாள்.

பாலாம்பிகை பத்தொன்பது வருஷம் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்தவள். நீரிழிவு அவளுடைய கண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. கண்ணுக்குள் ஊசி, பிறகு லேசர், பிறகும் ஊசி. வலக்கண் முற்றாகப் போனது. இடக்கண்ணின் ஓரத்தில் ஒரு வெளிச்சம் மட்டும் மிஞ்சியது. வேலை போனது. பஸ் இலக்கம் தெரியாமல் போனது. வீட்டுக்குள்ளேயே நடமாடிக்கொண்டிருந்தவளை, சும்மா காற்று வாங்க வாங்கோ என்று பெர்னடெற் பார்க்குக்குள் இருந்த கழகத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். காற்று வாங்கப் போனவள் நாலு பழைய பந்து வாங்கிக்கொண்டு வந்தாள். அப்போது அவளுக்கு அறுபத்து நாலு வயது.

சொன்னால் இலகுவான விளையாட்டுத்தான். முப்பது யார், அதாவது தொண்ணூறு அடி, தள்ளிப் புல்லில் ஒரு சின்ன வெள்ளைப் பந்து கிடக்கும். அதற்குப் பெயர் ஜாக். யாருடைய பந்து ஜாக்குக்குக் கிட்டப் போய் நிற்கிறதோ அவருக்குப் புள்ளி. முதலில் இருபத்தொன்று எடுத்தவர் வென்றார். பாலாம்பிகைக்கு ஜாக்கும் தெரியாது, தன் பந்து போய் நின்ற இடமும் தெரியாது. பார்வை குறைந்தவர்களுக்காக ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: ஜாக்குக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று கூப்பிட்டுச் சொல்லலாம். ஜாக்தான் மணிக்கூட்டின் நடு. தாண்டிப் போனால் பன்னிரண்டு மணி, எட்டாமல் நின்றால் ஆறு மணி. ‘ஆறு மணி, நாலடி’ என்றால் பந்து ஜாக்குக்கு நாலடி இந்தப் பக்கம் நிற்கிறது.

அந்தக் கூப்பிடும் உத்தியோகம் யோகராஜாவுக்கு வந்தது. ஹீத்ரோவில் இருபத்திரண்டு வருஷம் விமானச் சாப்பாட்டுத் தட்டு எண்ணியவர். ஒரு தட்டுப் பிழைத்ததில்லை.

“எண்ணுறதுக்கு உங்களை விட்டால் ஆரப்பா?” என்றாள் பாலாம்பிகை.

முக்கியமான ஆட்டங்களுக்கு வெள்ளை உடுப்புப் போட வேண்டும். கேள்விப்பட்ட யோகராஜாவின் அக்கா கிங்ஸ்பரியில் இருந்து போனில் கத்தினார். “புருசன் கல்லு மாதிரி இருக்கேக்க ஆரடி வெள்ளை உடுக்கிறது?” பாலாம்பிகை வெள்ளைக் காற்சட்டையும் வெள்ளைச் சேட்டும் போட்டாள், நெற்றியில் வழக்கத்தைவிட இரு மடங்கு பெரிய பொட்டை வைத்துக்கொண்டு புல்லில் இறங்கினாள். போனை வாங்கிய யோகராஜா, “விடுங்கோ அக்கா. நான் செத்துப்போனன் எண்டு ஊர் நினைச்சால் நினைக்கட்டும். பென்ஷன் ஒஃபிஸ் நினைக்காட்டிச் சரி,” என்றார்.

அவருடைய குற்றம் மே மாதத்தில் தொடங்கியது. முதல் ஆட்டம், சாம்பியன்ஷிப்புக்கு முந்தின சிநேகபூர்வ ஆட்டம். பாலாம்பிகையின் பந்து எட்டடி குறைவாக நின்றுவிட்டது. முப்பது யார் தள்ளி அவள் முகத்தைத் தூக்கி, காதைக் கொடுத்துக்கொண்டு நின்றாள். கண் டொக்டர் வாயைத் திறக்கும் முன் அவள் அப்படித்தான் இருப்பாள். எட்டு என்று சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை.

“இஞ்சேரும், உம்மட பந்து பொம்பிளை பாக்க வந்த மாப்பிள்ளை மாதிரி வெக்கப்பட்டு வாசல்ல நிக்குது!” என்று கத்தினார். “ஆறு மணி. நாலடி!”

அவள் சிரித்தாள். அன்றிலிருந்து எல்லாவற்றையும் பாதியாக்கிச் சொன்னார். ஆறடியை மூன்று என்றார். பத்தடியை ஐந்து என்றார். எதிராளிகள் வெள்ளைக்காரப் பெண்கள். அவர் தமிழில் என்ன கத்தினாலும் மரியாதையாகத் தலையாட்டினார்கள்.

அந்த முதல் ஆட்டத்தில் பாலாம்பிகை தோற்றாள். பாதிப் பொய்யைக் கேட்டு விளையாடினால் தோற்கத்தானே வேண்டும். ஆனால் அதற்குப் பிறகு அவள் தோற்கவில்லை.

காலை ஏழு மணிக்குப் புல் ஈரமாக இருக்கும்போதே பெர்னடெற்றோடு போய் நிற்பாள். பந்தைக் கையால் விட்டதும் வாய்க்குள் எண்ணத் தொடங்குவாள்; அது நிற்கும் என்று நினைக்கிற இடத்தில் எண்ணுவதை நிறுத்துவாள். ஈரப் புல்லுக்கு ஓர் எண்ணிக்கை, காய்ந்த புல்லுக்கு இன்னொன்று. கழகத்துப் பெரியவர் ஒருவர் அன்பாகத்தான் சொன்னார்: கண் தெரியாதவர்களுக்கென்று தனிப் போட்டி இருக்கிறதே, அங்கே போனால் சிரமமில்லையே என்று. “அங்கையும் வருவன்,” என்றாள் பாலாம்பிகை தன் சமையலறை ஆங்கிலத்தில். “முதல்ல இஞ்ச முடிச்சுப் போட்டு.” ஜூனில் படியில் தடக்கி விழுந்து மணிக்கட்டு வீங்கியது. பாண்டேஜ் கட்டிய கையோடு கால் இறுதியை வென்றாள். அரை இறுதியில் பதினாலுக்கு ஐந்து என்று பின்னால் நின்றபோது மழை கொட்டியது. எல்லோரும் கூடாரத்துக்குள் ஓடினார்கள். அவள் சப்பாத்தைக் கழற்றி, வெறுங்காலால் புல்லை மிதித்து மிதித்துப் பார்த்துக்கொண்டு நின்றாள். மழை விட்டதும் எதிராளியை இரண்டு புள்ளிகூட எடுக்க விடவில்லை.

இறுதி ஆட்டத்தில் எதிரே பெர்னடெற். தமிழ் விளங்கிய முதல் எதிராளி. இனிப் பாதி சொன்னால் பிடிபடும் என்று யோகராஜாவுக்குத் தெரியும். ஆனாலும் பழக்கம் விடவில்லை. பாதி பாதியாகவே கத்தினார். பெர்னடெற் கேட்டுக்கொண்டு நின்றாரே தவிர, ஒரு சொல் சொல்லவில்லை.

இருபதுக்கு இருபது. கடைசிச் சுற்று. பெர்னடெற்றின் பந்து ஜாக்கில் இருந்து ஒரு சாண் தூரத்தில் நின்றது. பாலாம்பிகையின் மூன்றாவது பந்து ஐந்தடி குறைவு. மிச்சம் ஒன்று.

“எவ்வளவப்பா?”

இரண்டரை என்று சொல்ல வேண்டும். அவள் உள்ளங்கையை வெள்ளைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு நின்றாள். மூன்று மணி நேரம் நின்று இந்த ஒரு பந்துக்கு வந்திருப்பவளிடம் பாதி சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

“ஆறு மணி. ஐஞ்சடி,” என்றார்.

அவளுடைய உதடு அசைந்தது. பிறகு குனிந்து பந்தை விட்டாள். அது பெர்னடெற்றின் பந்துக்கு வெளியால் சுற்றிக்கொண்டு வந்து ஜாக்கைத் தொட்டு நின்றது.

கழகத்து வெற்றிப் பலகையில் முழுப் பெயருக்கு இடமில்லை. பாலாம்பிகையை ‘பி’ ஆக்கி, பொன்னெழுத்தில் ‘பி. யோகராஜா’ என்று எழுதினார்கள். அதைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, “வெண்டது ஆர் எண்டு வாசியுங்கோ பாப்பம்,” என்று அவர் கண்டவர்களுக்கெல்லாம் காட்டினார். காட்டக் காட்ட உள்ளுக்குள் குடைந்தது. பாதியைச் சொல்லி ஏமாற்றியவனின் பெயர் அல்லவா பலகையில் நிற்கிறது.

அவள் அவரை நம்பித்தான் விளையாடினாள் என்றால், மற்ற ஆட்டங்களை எப்படி வென்றாள்? பாதி சொல்கிறார் என்று தெரிந்துதான் விளையாடினாள் என்றால், அந்த ஐந்தடியைப் பத்து என்றல்லவா எடுத்திருப்பாள்; பந்து தாண்டிப் போயிருக்கும். படுக்கையில் புரண்டு புரண்டு யோசித்தார். புருஷன் பொய்யன் என்று தெரிந்தா அவள் பக்கத்தில் படுத்திருக்கிறாள், தெரியாமலா? ஒருநாள் சுற்றி வளைத்து, “நான் சொன்னதெல்லாம் சரியா இருந்ததோ?” என்று கேட்டும் பார்த்தார். “நீங்கள் சொன்னபடிதானே போட்டனான்,” என்றாள் பாலாம்பிகை. பிறகு கறிக்கு உள்ளிப்பூண்டு உரித்துத் தரச் சொன்னாள்.

பார்லரில் இரண்டாவது கும்பம் வைத்து எல்லாம் நடந்தது. வாய்க்கரிசி போட்டார்கள். பேரப்பிள்ளைகள் பெட்டியைச் சுற்றிப் பந்தம் பிடித்தார்கள். ஃபயர் அலாரத்துக்குப் பயந்து, கொளுத்தாத பந்தம்.

கிறிமற்றோரிய வாசலில் கழகத்துப் பெண்கள் ஆறு பேர் நவம்பர்க் குளிரில் வெள்ளைக் கோட்டும் வெள்ளைப் பாவாடையுமாக வரிசையாக நின்றார்கள். பெட்டி கடந்தபோது ஒன்றாகத் தலை குனிந்தார்கள். யோகராஜாவின் அக்கா அவர் காதுக்குள் கேட்டார்.

“என்னடா, உவை எல்லாரும் புருசனைத் திண்டவையோ?”

“இல்லை அக்கா. உவை எல்லாரும் அவளிட்டத் தோத்தவை.”

அக்கா அந்த வரிசையைத் திரும்பவும் பார்த்தார். ஒவ்வொருவராக எண்ணினார்.

உள்ளே, முன்வரிசையில் பெர்னடெற்றுக்குப் பக்கத்தில் இடம் பிடித்துக்கொண்டார் யோகராஜா.

“பெர்னடெற், நீர் அவவுக்குச் சொன்னனீரோ?”

“அண்ணை, பிள்ளை பட்டன்ல கை வச்சிருக்கிறான். அங்க பாருங்கோ.”

பார்த்தார். சஞ்சயன் ஒரு கையால் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு, மறு கையால், கொள்ளிக்குப் பதிலாக இருந்த பட்டனை அமத்தினான். பெட்டி திரையை நோக்கி நகர்ந்தது. யோகராஜாவின் வாய் தன் பாட்டில் எண்ணியது. மூன்றடி. ஆறடி. பத்து. திரை மூடியது.

தகனத்துக்குப் பிறகு ஒரு ஹோலில் சாப்பாடு. சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, வாழைக்காய்ப் பொரியல். வெள்ளைக் கோட்டுப் பெண்களும் வந்து ஒரு மேசையில் இருந்து, கரண்டி தேடாமல் கையால் சாப்பிட்டார்கள். பாலாம்பிகை பழக்கியிருக்க வேண்டும். யோகராஜா வந்தவர்களுக்கெல்லாம் ஒரு பகிடி சொன்னார். தன்னைப்போல ஒருவனோடு நாற்பத்தொரு வருஷம் இருந்ததுக்கே அவளுக்கு ஒரு கப் குடுத்திருக்க வேணும், போல்ஸுக்கு ஏன் குடுத்தவங்கள் என்றார். சிலர் சிரித்தார்கள். சிலர் கையைப் பிடித்து அழுத்தினார்கள். பிறகு மேசை மேசையாக ஆட்கள் எழுந்து போனார்கள்.

பெர்னடெற் இரண்டு தட்டோடு வந்து அவருக்கு எதிரே இருந்தார். ஒன்றை அவர் பக்கம் தள்ளினார்.

“காலமையில இருந்து ஒண்டும் சாப்பிடேல்லை நீங்கள். சாப்பிடுங்கோ.”

யோகராஜா தட்டைத் தொடவில்லை.

“நான் பாதி சொன்னது அவவுக்குத் தெரியுமோ?”

பெர்னடெற் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கையை நிறுத்தினார்.

“தெரியும்.”

“எப்ப இருந்து?”

“முதல் மச்சில இருந்து. நான் பாக்க வந்தனான் எல்லோ. முடிய என்னைத் தனியக் கூப்பிட்டு, ‘அந்த மூண்டாவது பந்து மெய்யா எங்க நிண்டது?’ எண்டு கேட்டவ. தான் எண்ணினதுக்கும் நீங்கள் சொன்னதுக்கும் சரிவரேல்லையாம். எட்டடி எண்டன். நீங்கள் நாலெண்டு கத்தினனீங்கள். சிரிச்சுப்போட்டுப் பேசாமல் வந்திட்டா. அதுக்குப் பிறகு நீங்கள் சொல்லுறதை ரெண்டால பெருக்கித்தான் போட்டவ.”

“அப்ப அந்தக் கடைசிப் பந்து? நான் ஐஞ்சடி எண்டு மெய்யைத்தானே சொன்னனான். பெருக்கியிருந்தால்…”

“பெருக்கேல்லை.” பெர்னடெற் அவரை நேரே பார்த்தார். “நான் அவவுக்குப் பின்னால நிண்டனான் அண்ணை. ‘மனுசன் பகிடி விடேல்லை. இது மெய்’ எண்டு வாய்க்குள்ள சொன்னவ. சொல்லிப்போட்டுத்தான் குனிஞ்சவ. பொய் சொல்லப் போறியள் எண்டால் நீங்கள் முதல்ல ஒரு பகிடி விடுவியள். கலியாணம் கட்டின நாள் தொட்டு அப்பிடியாம். உங்களுக்கு மட்டுந்தான் தெரியாது.”

வெள்ளைக் கோட்டுப் பெண்கள் எழுந்து, தங்கள் தட்டுகளைத் தாங்களே அடுக்கிக்கொண்டிருந்தார்கள். யோகராஜா அவர்கள் அடுக்குவதைப் பார்த்தார்.

“பிறகேன் எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை? நீராவது சொல்லியிருக்கலாமே.”

“சொல்லக்கூடாது எண்டு என்னட்டச் சத்தியம் வாங்கினவ. தனக்குத் தெரியும் எண்டு தெரிஞ்சால் நீங்கள் பகிடியை விட்டிட்டு மெய்யைச் சொல்லத் துவங்கிடுவியளாம்.” பெர்னடெற் இடது கையால் கண்ணைத் துடைத்தார். “‘மெய்யை எனக்கு டொக்டர்மார் சொல்லுகினம் பெர்னடெற். ரெண்டால பெருக்கிறது ஒரு கஷ்டமே?’ எண்டு கேட்டவ.”

யோகராஜா தட்டைக் கிட்ட இழுத்துச் சோற்றில் கை வைத்தார். பெர்னடெற் தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திருகித் திறந்து, அவருடைய தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.